இந்த வாரம் எந்தப் படம்? மதுரைக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வெள்ளிக்கிழமை விடிந்தால் மதுரைச் சுவர்களில் நாலு புது போஸ்டர். தமிழில் மட்டும் ஆண்டுக்கு 200 படங்களுக்கு மேல் வெளியாகின்றன. அவற்றில் பெரும்பாலானவை அடுத்த வெள்ளியைப் பார்ப்பதில்லை. 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்த தங்கம் தியேட்டரில் ஒரே நேரத்தில் 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். ஊரே ஒரு படத்தைப் பார்த்த காலம் அது. இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது. நமக்கோ ஒரே வளாகத்தில் நாலைந்து திரை, போனில் ஏழெட்டு ஓடிடி செயலி, வீட்டில் ஆளுக்கொரு ஆசை.

படம் பார்க்கக் கிளம்பும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி "படம் நல்லா இருக்கா?" என்பதுதான். அதற்குச் சரியான பதில் யாரிடமும் கிடையாது. "எங்கள் வீட்டு ஆட்களோடு உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேட்டால் பதில் உண்டு. கால் மணி நேரம் செலவழித்தால் கண்டுபிடித்துவிடலாம். அதற்கான வழிதான் இது.

1. முதலில் ஆள் கணக்கு

படத்தை விடுங்கள். யார் யார் வருகிறார்கள்? அப்பத்தா, இரண்டாம் வகுப்புப் பையன், பிளஸ் டூ படிக்கும் பெண், ஊரிலிருந்து வந்திருக்கும் தங்கச்சி மாப்பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கூட்டத்தில் படத்தை முடிவு செய்ய வேண்டியவர்கள் இரண்டே பேர்: மூத்தவரும் இளையவரும். நடுவில் இருப்பவர்கள் எதையும் சமாளித்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டாலும் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"எந்தப் படத்துக்குப் போகலாம்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். சண்டைதான் வரும். "எது வேண்டாம்?" என்று கேளுங்கள். அப்பத்தாவுக்கு ரத்தம் ஆகாது. சின்னவனுக்குப் பேய்ப் படம் ஆகாது. மாப்பிள்ளைக்கு அழுகைப் படம் என்றால் தூக்கம். இந்த 'வேண்டாம்' பட்டியல் கையில் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஐந்து படங்களில் மூன்று தானாக விழுந்துவிடும்.

எல்லோருக்கும் ஒத்துவரும் படம் இல்லையா? அப்படியென்றால் பிரிந்துகொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. சின்னச் சொக்கிகுளம் விஷால் டி மாலில் இருக்கும் ஐனாக்ஸ் மாதிரி பல திரை உள்ள இடத்தில் இளசுகள் ஆக்‌ஷன் படத்துக்கும் மற்றவர்கள் வேறொன்றுக்கும் போகலாம். இரண்டு படமும் முடியும் நேரத்தை மட்டும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு கூட்டம் வாசலில் முக்கால் மணி நேரம் காத்துக்கிடக்கும்.

2. தணிக்கைச் சான்றிதழைப் படியுங்கள்

இதைத்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள். எனக்கோ இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நடிகர் யார், இயக்குநர் யார் என்பதை அப்புறம் பாருங்கள்.

யு என்றால் எல்லோரும் பார்க்கலாம். ஏ என்றால் 18 வயது நிறைந்தவர்கள் மட்டும். இடையில் இருக்கும் யுஏ முன்பு ஒரே வகையாக இருந்தது. 2023-ல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தி அதை மூன்றாகப் பிரித்தார்கள்: யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+. அந்த வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பெற்றோர் பார்த்து முடிவு செய்து அழைத்துவர வேண்டும் என்பதே இதன் பொருள். யுஏ படத்துக்கு வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள், பொறுப்பு நம் தலையில். 7+ என்றால் எட்டு வயதுப் பிள்ளையோடு பெரும்பாலும் துணிந்து போகலாம். 16+ என்று போட்டிருந்தால், அது ஏ சான்றிதழுக்குப் பக்கத்து வீடு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏ படத்தில் இந்தப் பேச்சே கிடையாது. "எங்க பிள்ளை, எங்க பொறுப்பு" என்று வாசலில் வாதாடிப் பயனில்லை. 18 வயது நிறையாதவர்களை உள்ளே விட்டால் சட்டப்படி மாட்டிக்கொள்வது தியேட்டர்காரர். 2025 ஆகஸ்டில் ரஜினியின் 'கூலி' ஏ சான்றிதழோடு வந்தபோது நிறைய வீடுகளில் திட்டம் குலைந்தது. ரஜினி படம் என்றால் பிள்ளைகுட்டியோடு போவதுதானே நம் பழக்கம். தயாரிப்பு நிறுவனம் யுஏ கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, நீதிமன்றம் ஏற்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு தனுஷின் 'ராயன்' படத்துக்கும் ஏ சான்றிதழ்தான். ஆக, முகத்தை நம்பி முன்பதிவு செய்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

சான்றிதழை எங்கே பார்ப்பது? முன்பதிவு செயலியில் படத்தின் பெயருக்குக் கீழேயே நீளம், மொழி, சான்றிதழ் மூன்றும் இருக்கும். போஸ்டர் மூலையிலும் பொடி எழுத்தில் இருக்கும். தணிக்கை வாரியத்தின் இணையதளத்தில் படத்தின் பெயரைப் போட்டும் தேடலாம். ஒரு எச்சரிக்கை: 2024-க்கு முந்தைய படங்களில் வெறும் யுஏ என்றுதான் இருக்கும், வயது எண் இருக்காது. அந்தப் படங்களை வீட்டில் போடும்போது சான்றிதழை மட்டும் நம்ப முடியாது, கதையைப் பற்றி நாலு வரி படித்துக்கொள்வது நல்லது.

3. வகையின் பெயர் ஒரு விளம்பரம்

"ஆக்‌ஷன்", "காமெடி", "குடும்பச் சித்திரம்" என்று போடுவதெல்லாம் விற்பனைக்குத்தான். ஒவ்வொன்றிலும் எங்கே ஏமாறுவோம் என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஆக்‌ஷன் படத்தில் சண்டை இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. எப்படிப்பட்ட சண்டை என்பதுதான் கேள்வி. ஒரே அடியில் பத்துப் பேர் பறக்கும் சண்டையைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள். கழுத்தை அறுப்பதை நெருக்கத்தில் காட்டும் சண்டை வேறு ரகம். இரண்டாவது ரகம் சமீப ஆண்டுகளில் கூடியிருக்கிறது. நம் ஊரைக் கதைக்களமாக வைத்தால் கேட்கவே வேண்டாம், அரிவாள் இல்லாமல் மதுரையைக் காட்ட சினிமாக்காரர்களுக்கு மனசு வராது. விக்ரம் நடித்த 'வீர தீர சூரன்' மதுரைப் பக்கத்தில் ஒரு திருவிழா இரவில் நடக்கும் கதை. பெரியவர்களுக்கு நல்ல விறுவிறுப்பு, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் படத்தில் இன்னொரு வேடிக்கை, இரண்டாம் பாகத்தைத்தான் முதலில் வெளியிட்டார்கள். அதனால் முன்கதை தெரியாமலே பார்க்கலாம். 'விடுதலை' அப்படியில்லை. முதல் பாகம் பார்க்காதவரை இரண்டாம் பாகத்துக்குக் கூட்டிப்போனால் படம் முழுக்க நீங்கள் காதில் கதை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் எண் இருந்தால் இதை விசாரியுங்கள்.

காமெடியில் பெரிய பொறி நடிகர்தான். வடிவேலு நம்ம ஊர்க்காரர், அவர் பெயர் போஸ்டரில் இருந்தாலே நமக்குச் சிரிப்பு வந்துவிடும். 2023-ல் வந்த 'மாமன்னன்' படத்தில் அவர் ஒரு இடத்தில்கூடச் சிரிக்க வைக்கவில்லை. மனதை அழுத்தும் வேடம், அருமையாகச் செய்தார். 2025 ஜூலையில் வந்த 'மாரீசன்' படத்திலும் சிரிப்பைவிடக் கனம் அதிகம். அதே ஆண்டு ஏப்ரலில் சுந்தர் சி.யோடு செய்த 'கேங்கர்ஸ்' மட்டும்தான் பழைய பாணிக் கலகலப்பு. ஒரே நடிகர், மூன்று வேறு மாலைப்பொழுதுகள். "வடிவேலு படமாம்" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பினால் எது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

இரட்டை அர்த்த வசனம் காமெடியின் இன்னொரு தலைவலி. பிள்ளைகளுக்குப் புரியாது என்று நாம் நினைப்போம், அவர்களுக்குத்தான் முதலில் புரியும். டிரெய்லரில் அப்படி ஒரு வசனம் இருந்தால் படத்தில் பத்து இருக்கும்.

குடும்பப் படம் என்ற பெயர்தான் இருப்பதிலேயே வழுக்கலானது. 2023-ல் வந்த 'சித்தா' போஸ்டரைப் பார்த்தால் சித்தப்பாவும் அண்ணன் மகளும் கொஞ்சி விளையாடும் படம் போலத் தெரியும். கதையோ சிறுமிகள் மீதான பாலியல் கொடுமையைப் பற்றியது. பெற்றோர் கட்டாயம் பார்க்க வேண்டிய படம் அது. ஆனால் சின்னப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்கக்கூடியது அல்ல. இதற்கு நேர்மாறாக, 2025 மே 1 அன்று வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'. அன்றைக்கே சூர்யாவின் 'ரெட்ரோ'வும் வந்ததால் முதல் நாள் கூட்டமெல்லாம் அங்கே. இலங்கையிலிருந்து சென்னைக்கு வரும் ஒரு குடும்பத்தின் கதையான இது, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே வளர்ந்தது. சசிகுமாரும் சிம்ரனும் நடித்திருந்தார்கள். அப்பத்தாவையும் பேரனையும் ஒன்றாக உட்கார வைக்கும் படத்துக்குச் சமீபத்திய உதாரணம் கேட்டால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

புதிதாக எடுத்த படம்தான் வேண்டும் என்பதும் தேவையில்லாத பிடிவாதம். 2025 பொங்கலுக்குக் கூட்டம் கூட்டமாகச் சிரித்துவிட்டு வந்த 'மத கஜ ராஜா' 2012 வாக்கில் எடுத்து, பன்னிரண்டு வருடம் பெட்டிக்குள் கிடந்த படம்.

4. டிரெய்லரை இரண்டு முறை பாருங்கள்

முதல் முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். இசை இல்லாமல் பார்க்கும்போதுதான் படத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது தெரியும். கத்தி, துப்பாக்கி, மது, புகை இவை எத்தனை முறை வருகின்றன? இரண்டாம் முறை திரையைப் பார்க்காமல் வசனத்தை மட்டும் கேளுங்கள். தியேட்டரில் ஓடும் டிரெய்லருக்குத் தணிக்கை உண்டு, யூடியூப்பில் வருவதற்கு அது கட்டாயமில்லை. அதனால் யூடியூப் டிரெய்லர் சில சமயம் படத்தைவிடக் காரமாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து நல்ல படத்தை ஒதுக்கிவிடவும் வேண்டாம், சான்றிதழோடு சேர்த்து முடிவெடுங்கள்.

5. விமர்சனத்தை எப்போது, யாரிடம் கேட்பது

முதல் நாள் காலைக் காட்சி முடிந்து வாசலில் நின்று மைக்கைப் பிடித்துப் பேசுகிறவர் பெரும்பாலும் ரசிகர். அல்லது எதிர் முகாம் ரசிகர். இரண்டு பேர் பேச்சும் உங்களுக்கு உதவாது. இந்த வாசல் விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கத்தினர் தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டார்கள். விமர்சகர்களை வாயை மூடச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனால் பார்வையாளராக நாம் இரண்டு நாள் காதை மூடிக்கொள்ளலாம்.

ஞாயிறு இரவு வரை பொறுங்கள். அதற்குள் ரசிகர் கூட்டம் ஓய்ந்து, குடும்பமாகப் போனவர்களின் பேச்சு வர ஆரம்பித்திருக்கும். திங்கள்கிழமை மாலைக் காட்சிக்கு முன்பதிவு செயலியைத் திறந்து இருக்கை வரைபடத்தைப் பாருங்கள். வேலை நாளில் பாதி அரங்கம் நிறைந்திருக்கிறது என்றால் அந்தப் படத்தில் ஏதோ இருக்கிறது. எந்த நட்சத்திர மதிப்பெண்ணையும்விட எனக்கு இதில்தான் நம்பிக்கை. வசூல் போஸ்டரைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அத்தனை கோடி, இத்தனை கோடி என்பதெல்லாம் நம் மூன்று மணி நேரத்துக்குப் பொறுப்பேற்காது.

தெரிந்தவர்களிடம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "எப்படி இருக்கு?" என்றால் "பார்க்கலாம் மாமா" என்பார்கள். அந்தப் 'பார்க்கலாம்' எதையும் குறிக்காது. "இன்டர்வெலுக்கு அப்புறம் எப்படி?" என்று கேளுங்கள். நம் படங்கள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். அப்புறம், "உங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

விமர்சகர்களில் ஒருவரைத் தொடர்ந்து படித்து வந்தால் போதும். அவர் ரசனை உங்கள் ரசனையாக இருக்க வேண்டியதில்லை. அவர் திட்டும் படமெல்லாம் உங்களுக்குப் பிடிக்கிறது என்றால் அதுவும் நல்ல வழிகாட்டல்தான்.

6. நீளமும் காட்சி நேரமும்

செயலியில் 2 மணி 45 நிமிடம் என்று போட்டிருந்தால், விளம்பரம், இடைவேளை, வண்டி எடுக்கும் நேரம் எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம் என்று கணக்கிடுங்கள். இரவு பத்து மணிக் காட்சி என்றால் வெளியே வரும்போது ஒன்றைத் தாண்டிவிடும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று ஊர் திரும்ப வேண்டியவர்கள் பஸ்ஸை நம்பி அந்தக் காட்சிக்குப் போகாதீர்கள். மாட்டுத்தாவணியிலிருந்து வெளியூர் பஸ் இரவெல்லாம் ஓடும். கிராமத்து டவுன் பஸ் ஓடாது.

சில படங்களின் நீளம் வெளியான பிறகும் மாறும். 2024 செப்டம்பரில் வந்த 'மெய்யழகன்' மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. நீளம் என்ற பேச்சு வந்ததும் சுமார் 18 நிமிடங்களைக் குறைத்தார்கள். அதனால் முதல் வார விமர்சனத்தில் "இழுவை" என்று படித்திருந்தால், இரண்டாம் வாரத்தில் ஒருமுறை நீளத்தைச் சரிபாருங்கள்.

முதல் நாள் முதல் காட்சிக்குக் குடும்பத்தோடு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய படங்களுக்கு அரசு சிறப்பு அனுமதி கொடுத்தால் காலை 9 மணிக்குக் காட்சி தொடங்கும். பேப்பர் பறக்கும், விசில் பறக்கும், வசனம் மட்டும் கேட்காது. இளவட்டங்களுக்கு அது திருவிழா, அப்பத்தாவுக்குத் தலைவலி. கடைசி நேரத்தில் காட்சியே ரத்தாகும் ஆபத்தும் உண்டு. மேலே சொன்ன 'வீர தீர சூரன்' 2025 மார்ச் 27 அன்று டெல்லி உயர் நீதிமன்றத் தடையால் காலையில் வராமல் மாலையில்தான் திரைக்கு வந்தது.

நம் ஊருக்கே உரிய இன்னொரு கணக்கு திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் கோரிப்பாளையம், சொக்கிகுளம் பக்கம் போக்குவரத்தையே மாற்றிவிடுவார்கள். அந்த வாரம் வில்லாபுரம் பக்கம் வெற்றி தியேட்டர் மாதிரி தெற்கே இருக்கும் இடமாகப் பாருங்கள், இல்லை படத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

7. தியேட்டர், இருக்கை, செலவு

பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் முதலில் படிக்கட்டை யோசியுங்கள். பழைய தியேட்டர்களில் பால்கனி மாடியில் இருக்கும், லிஃப்ட் இருக்காது. புது அரங்குகளில் லிஃப்ட் உண்டு, ஆனால் உள்ளே வரிசைக்கு வரிசை இருட்டில் படி ஏற வேண்டும். நுழைவாயில் எந்த வரிசைக்குப் பக்கம் என்று போன் செய்து கேட்டுவிட்டு, அந்த வரிசையின் ஓரத்து இருக்கையை எடுங்கள். கழிவறைக்குப் போய்வரவும் வசதி. சின்னப் பிள்ளைகளை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள். ஆக்‌ஷன் படமென்றால் இப்போது சத்தம் நெஞ்சை அதிர வைக்கிறது.

டிக்கெட் விலையில் 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு மாற்றம்: 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேலே 18 சதவீதம். ஆறு பேர் போகும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். செயலியில் எடுத்தால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனியாகச் சேவைக் கட்டணம் வேறு. வேலை நாளில் கூட்டம் இல்லாத படத்துக்குக் கவுன்டரில் போய் எடுப்பதே மேல்.

தின்பண்டச் செலவு டிக்கெட்டைத் தாண்டிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நேரம் நல்ல குடிநீரை இலவசமாக வைக்க வேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது என்பதும் அதில் பேசப்பட்டது. பால் புட்டியை வாசலில் பிடித்தால் அமைதியாக இதைச் சொல்லுங்கள். மற்றபடி படம் முடிந்து வெளியே வந்தால் பரோட்டாக் கடைக்கும் ஜிகர்தண்டாவுக்கும் இந்த ஊரில் பஞ்சமா என்ன. பாப்கார்னைத் தவிர்த்துவிட்டு வயிற்றைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

8. தியேட்டரா, ஓடிடியா

பெரும்பாலான தமிழ்ப் படங்கள் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. அதனால் எல்லாவற்றையும் தியேட்டரில் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. என் அளவுகோல் எளிமையானது: கூட்டத்தோடு சிரிக்க வேண்டிய படமும், பெரிய சத்தமும் பெரிய காட்சியும் உள்ள படமும் தியேட்டருக்கு. மெதுவாகப் பேசிப் பேசி நகரும் படமும், பிள்ளைகளுக்கு ஆகுமா என்ற சந்தேகம் உள்ள படமும் வீட்டுக்கு. சந்தேகம் உள்ளதை நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு அப்புறம் பிள்ளைகளுக்குப் போடலாம். தியேட்டரில் அந்த வசதி இல்லை.

ஓடிடியிலும் வயதுக் குறியீடு உண்டு. 7+, 13+, 16+, ஏ என்று படம் தொடங்கும்போது மூலையில் காட்டுவார்கள். வன்முறை, கெட்ட வார்த்தை, புகை என்று காரணத்தையும் சேர்த்துப் போடுவார்கள். அது சில நொடியில் மறைந்துவிடும், கவனித்துக்கொள்ளுங்கள். 13+ மற்றும் அதற்கு மேற்பட்ட படங்களைப் பூட்டிவைக்கும் வசதியை ஓடிடி நிறுவனங்கள் தர வேண்டும் என்பது 2021 முதல் விதி. செயலியின் அமைப்புகளுக்குள் போய்ப் பிள்ளைகளுக்குத் தனிப் பக்கம் ஒன்றைத் திறந்து, உங்கள் பக்கத்துக்கு நாலு இலக்க எண் போட்டுவிடுங்கள். வண்டி நம்பரைப் போடாதீர்கள், அது பிள்ளைகளுக்கு மனப்பாடம்.

இவ்வளவும் பார்த்துப் போன பிறகும் படம் ஒத்துவரவில்லை என்றால் இடைவேளையில் எழுந்து வந்துவிடுங்கள். "காசு கொடுத்தாச்சே" என்று சின்னவன் பயந்து நடுங்க, கடைசி வரை உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் பிள்ளையோடு வெளியே வர, மற்றவர்கள் மீதியைப் பார்க்கட்டும். யார் வெளியே வருவது என்பதை மட்டும் கிளம்பும் முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.